சிவப்பு வட்டத்துக்குள் அக்கா

சனிக்கிழமையில் கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடைத்தால், அதை விட்டு அசையக் கூடாது என்பது என் கணவரின் கொள்கை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருப்பார். கடை கடையாக ஏறி இறங்குவது என் வேலை. அன்றும் அப்படித்தான். கணவாய் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தபோது குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இஞ்சேரும், உதைப் பாரும். உங்கட அமெரிக்காவில நடக்கிற கூத்தை.”

அவருடைய நண்பர்கள் குழுவில் வந்த வீடியோ. ஏதோ ஒரு பாடசாலை விளையாட்டு மண்டபம். நீள மேசைகள். குனிந்து காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஆட்கள். சுவரில் உயரத்தில் பொருத்திய கமரா எடுத்த படம்போல இருந்தது. ஒரு கதவு திறக்கிறது. சாம்பல் நிறக் கார்டிகன் போட்ட கட்டையான பெண் ஒருவர் பெரிய நீலப் பை ஒன்றுடன் உள்ளே வருகிறார். உடனே அவரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழுகிறது. அவர் நடக்க நடக்க வட்டமும் கூடவே போகிறது. பின்னணியில் திடும் திடும் என்று இசை.

“நல்லாப் பாரும். வாக்கு எண்ணேக்க பையோட வாறா. உள்ளுக்க என்ன, புட்டோ இருக்கு? கள்ள வோட்டு. உப்பிடித்தான் வெல்லுறவை உம்மட ஆக்கள்.”

முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் பையைக் கையில் தொங்கவிடாமல், குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் சரிந்து விழுந்தது. கார்டிகனின் கீழ்ப்பையில் ஒரு கைக்குட்டை துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கார்டிகனை லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு மலிவு விற்பனையில் வாங்கிக் கொடுத்தவள் நான்.

“இது அக்கா,” என்றேன்.

“எந்த அக்கா?”

“என்ர அக்கா. புவனக்கா.”

அவர் சிரித்தார். பிறகு கைபேசியைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் ஓடவிட்டார். அதன்பிறகு சிரிக்கவில்லை. கணவாய்ப் பையிலிருந்து தண்ணீர் ஒழுகி என் மடி நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

உங்கட அமெரிக்கா

லண்டனின் மிச்சம் பகுதியில் குடியிருக்கும் உங்களுக்கு அமெரிக்கா எதற்கு என்று நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பத்திரிகைக் கடையில். விடிய எழும்பிப் போய்ப் பத்திரிகைக் கட்டுகளின் நாடாவை வெட்டி அடுக்கவேண்டும். ஆட்கள் வரும்வரை தலைப்புகளை வாசிப்பேன். ஆங்கிலம் படித்தது அங்கேதான். உள்ளூர்ச் செய்தி விளங்கவில்லை, கிரிக்கெட் தெரியாது. ஆனால் அமெரிக்கத் தேர்தலில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று படம்போலப் போட்டிருப்பார்கள். பிடித்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

என் கருத்துகளை நான் ஒளிப்பதில்லை. அதிக வாக்கு வாங்கியவர் தோற்கக்கூடிய ஒரு தேர்தல் முறையை மக்களாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாகும்வரை பதவியில் இருக்கக்கூடிய ஒன்பது நீதிபதிகளில் பெரும்பான்மையினர், ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இருந்த கருக்கலைப்பு உரிமையை ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாள் நான் சமைக்கவில்லை. எல்லையில் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தபோது, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன்.

என் கணவர் மறுபக்கம். அவருக்கு இந்த அதிபரைப் பிடிக்கும். “ஒரு நாட்டுக்கு எல்லை எண்டு ஒண்டு வேணும். அவன் சொல்லுறதைச் செய்யிறான்,” என்பார். இதைச் சொல்பவர், முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வேறொருவருடைய பெயரில் கடவுச்சீட்டு எடுத்து, இரண்டு எல்லைகளை லொறிக்குள் படுத்துக் கடந்து வந்தவர். அதைச் சொல்லிக் காட்டினால், “அது வேற,” என்பார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள். தாங்கள் உள்ளே வந்த கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதை மறந்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் இதற்காகச் சாப்பாட்டு மேசையில் சண்டை போடுவேன். இப்போது கோபப்படுவதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது. சோற்றைப் போட்டுவிட்டு என் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவேன்.

அக்காவின் மேசை

அக்கா புவனேஸ்வரி என்னைவிட ஆறு வயது மூத்தவர். அத்தான் எஞ்சினியர். அவருடைய வேலையோடு அக்காவும் அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளவயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஊருக்குக் குடிபோனார். குடியுரிமை கிடைத்த வருடமே வாக்குச்சாவடி வேலைக்கு எழுதிக் கொடுத்தார். அத்தான் காலமான பிறகும், ஒரே மகன் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை.

அந்த ஊரில் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பேர். கட்சிக்கு ஒருவர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அக்காவின் மேசையில் மற்றக் கட்சிக்காரராக இருந்தவர் டெப்ரா. கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பம். அக்காவின் வயதுதான். அவர்கள் இருவரும் பதினான்கு வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“நாங்கள் அரசியல் கதைக்கிறேல்லை,” என்று அக்கா ஒருமுறை சொன்னார். “அவ தன்ர கோழியளைப் பற்றிக் கதைப்பா. நான் என்ர முழங்காலைப் பற்றிக் கதைப்பன்.”

அத்தானின் செத்தவீட்டுக்குக் கறுப்பு உடுப்புடன் வந்து, வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே பின்வரிசையில் கடைசிவரை இருந்தவர் டெப்ரா என்பது எனக்குத் தெரியும். நானும் போயிருந்தேன். தேவாரம் பாடும்போது, விளங்காவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் ஆர்?”

அக்காவுக்கு இந்த மேசை ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அக்கா இளம் ஆசிரியையாக இருந்த காலம். ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்குப் போடுவார்கள். அக்காவையும் ஒருமுறை போட்டார்கள். பிற்பகலில் ஒரு முதியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வெயிலில் சைக்கிள் உருட்டி வந்தார். பெயரைச் சொன்னார். அக்கா வாக்காளர் இடாப்பைப் பார்த்தார். அந்தப் பெயரின் மேல் ஏற்கனவே கோடு இழுத்திருந்தது. யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“ஐயா, உங்கட வாக்குப் போட்டாச்சு,” என்றார் அக்கா.

“ஆர் போட்டது?”

“தெரியாது ஐயா. நீங்கள் போட்டதெண்டுதான் இதில இருக்கு.”

அந்த மனிதர் சண்டை போடவில்லை. “அப்ப இஞ்ச நிக்கிற நான் ஆர் பிள்ளை?” என்று கேட்டாராம். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினைந்து பதினாறு வயதிருக்கும். ஏன் அழுகிறார் என்று கேட்டேன். “அந்தாளுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றார்.

இதையெல்லாம் அமெரிக்காவில் அக்கா யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. வாக்குச்சாவடி வேலைக்கு எதற்காக வருகிறாய் என்று கேட்டால், “வீட்டில் சும்மா இருக்கிறேன்,” என்பாராம்.

பையைப் பார்த்த சாட்சி

அன்று காரிலிருந்தே அக்காவுக்கு அழைத்தேன். அங்கே காலை. எடுத்ததும், “நீயும் பாத்திட்டியோ?” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அழுகையும் இல்லை, பயமும் இல்லை. முழு ஊருக்கும் பதில் சொல்லி முடித்த குரல்.

நடந்தது இதுதான். அந்த அதிபர் தேர்தலின்போது, அதே வாக்குச்சீட்டில் மாநில சபைக்குப் போட்டியிட்ட ஒருவர் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அக்கா வேலை செய்த சாவடியின் வாக்குகளைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்று வழக்குப் போட்டார். இத்தனைக்கும் அதே சாவடியில், அதே வாக்குச்சீட்டுகளில், அவருடைய கட்சியின் அதிபர் வேட்பாளர் நன்றாக வென்றிருந்தார். சீட்டின் மேல்பாதி சுத்தம், கீழ்ப்பாதி கள்ளம். இதை எத்தனையோ முறை என் கணவருக்கு விளக்கியிருக்கிறேன். “அதுக்கு ஏதும் காரணம் இருக்கும்,” என்பார்.

வழக்கோடு ஒரு சத்தியக்கூற்று. வாக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் புவனேஸ்வரி வெளியே போய், ஒரு பெரிய நீலப் பையுடன் திரும்பி வந்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் கையெழுத்திட்டிருந்தார்.

“ஆர் அக்கா அது?”

“டெப்ரா.”

பிறகு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அதில ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் வெளியில போனது உண்மை. பையோட வந்தது உண்மை. பைக்குள்ள ரோல்ஸ். எண்ணி முடிய நேரமாகுமெண்டு, எல்லாருக்குமாகப் பொரிச்சு காருக்குள்ள வைச்சிருந்தனான். அவவுந்தான் சாப்பிட்டவ.”

அக்கா வந்து இறங்கினார்

வீடியோ பரவியபின் அக்காவின் வீட்டுக்கு முன்னால் கார்கள் மெதுவாகப் போகத் தொடங்கின. தொலைபேசியில் முன்பின் தெரியாத ஆண்கள், போன கிழமை வந்து இறங்கினவளிடம் பேசுவதுபோல, உன் நாட்டுக்குப் போ என்றார்கள். தபால்பெட்டியை யாரோ அடித்துச் சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மகன் பயந்துபோய், “கொஞ்ச நாளைக்குச் சித்தி வீட்டை போங்கோ அம்மா,” என்று பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தான்.

விமான நிலையத்தில் அக்காவைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்.

“ஏன் அக்கா?”

“பின்னல் தெரியுதெல்லே வீடியோவில,” என்றார்.

என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழி முழுக்க வீதி நெரிசலைப் பற்றியும் பெற்றோல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. அக்கா வருவதற்கு முந்தின நாள், முன்னறை ஹீட்டர் சரியில்லை என்று புதிது வாங்கிவந்து பொருத்தினவர். ஆனால் என்னிடம் தனியாக, “மச்சாளைச் சொல்லேல்லை. ஆனா அங்க ஏதோ நடந்துதான் இருக்கும். இவ்வளவு பேர் சும்மா சொல்லுவினமே?” என்றார். நான் கட்டிலின் விரிப்பை மாற்றினேன்.

அக்கா எங்கள் வீட்டில் செய்தி பார்க்கவில்லை. காலையில் டிராம் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி யன்னலில் நிற்பார். பின்வளவில் இலை கூட்டுவார். நான் வழக்கம்போல அமெரிக்காவைப் பற்றி வாயைத் திறந்தால், எழும்பிப் போய்க் கேத்திலைப் போடுவார்.

சாப்பாட்டறையில் ஒரு நீதிமன்றம்

அக்கா லண்டனில் இருந்தபடியே சாட்சி சொல்லலாம் என்று நீதிபதி அனுமதி கொடுத்தார். தேர்தல் அலுவலகத்தின் பக்கம் வாதாடிய வழக்கறிஞர் ஏற்பாடுகளைச் சொன்னார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கையில் குறிப்பு இருக்கக் கூடாது. கதவு சாத்தியிருக்கவேண்டும்.

சட்டனிலிருந்து என் மகள் துளசி வந்து மடிக்கணினியைப் பொருத்தினாள். முகம் நேராகத் தெரிவதற்கு அதை இரண்டு அரிசிப் பைகளின் மேல் வைக்கவேண்டியிருந்தது. சுவரில் இருந்த முருகன் படத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது.

“கழட்டு,” என்றார் அக்கா. “அதுக்கும் ஒரு வட்டம் போடுவாங்கள்.”

“பெரியம்மா, நீங்கள் நேர்வஸா?” என்று துளசி கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. களைப்பு.”

இங்கே பிற்பகல், அங்கே காலை. எங்கள் வீட்டில் சாப்பாட்டறைக்கும் குசினிக்கும் நடுவே, பழைய ஆங்கில வீடுகளில் இருப்பதுபோல, தட்டு நீட்டும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைச் சாத்தினாலும் சத்தம் வரும். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் கணினியின் ஒலியும் கூட. நான் குசினியில் நின்றேன். கணவர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டவர், போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அக்கா உண்மை சொல்வதாக உறுதி எடுத்தார். தோற்ற வேட்பாளரின் வழக்கறிஞருக்கு இனிமையான குரல். முதல் கேள்வியே மொழிபெயர்ப்பாளர் தேவையா என்பதுதான். தேவையில்லை என்றார் அக்கா. அடுத்தது, எங்கே பிறந்தீர்கள்? மற்ற வழக்கறிஞர் குறுக்கிட்டார். வழக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீதிபதி கேட்டார். தேர்தல் விதிகள் வேறு நாடுகளில் வேறுமாதிரி இருக்கலாம், அதனால் கேட்டேன் என்றார் அந்த இனிமையான குரல்.

“அவர் நம் நாட்டின் குடிமகள். அடுத்த கேள்விக்குப் போங்கள்,” என்றார் நீதிபதி.

என் கணவர் மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது.

பிறகு பை. எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள், ஏன் போனீர்கள், யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள், பையின் வாய் மூடியிருந்ததா திறந்திருந்ததா. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில் சொன்னார். கடைசியில், பைக்குள் என்ன இருந்தது?

“ரோல்ஸ்.”

அது என்ன?

அக்கா விளக்கத் தொடங்கினார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டல் செய்து, மெல்லிய ரொட்டியில் சுற்றி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பது. இறைச்சியை எவ்வளவு சின்னதாக வெட்டவேண்டும் என்றுகூடச் சொன்னார். ஒரு நாட்டின் தேர்தல் உண்மையா பொய்யா என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டறையில் ரோல்ஸ் செய்முறையாக வந்து நின்றது. சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

யார் சாப்பிட்டார்கள்?

“எல்லாரும். இரண்டு கட்சிக்காரரும்.”

“இன்னார் சாப்பிட்டார் என்று பெயர் சொல்ல முடியுமா?”

டெப்ராவின் பெயரைச் சொல்வார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“அதை அவர்களிடம் கேட்பதுதான் முறை,” என்றார் அக்கா.

கடைசியாக ஒரு கேள்வி. வாக்கு எண்ணும் நேரத்தில் ஒரு பையை உள்ளே கொண்டுவருவது சந்தேகத்தை உண்டாக்கும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

“பதினான்கு வருடம் கொண்டுவந்தேன் ஐயா. போன வருடம்வரை அது சாப்பாடாகத்தான் இருந்தது.”

டெப்ராவின் முகம்

அக்காவின் சாட்சியம் முடிந்ததும், இனி போகலாம் என்றார்கள். விசாரணையைப் பொதுமக்களும் பார்க்கலாம். அந்த இணைப்பைத் துளசி என் கைபேசியில் போட்டுத் தந்தாள். குசினி மேசையில் அதைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து நாலு பேரும் பார்த்தோம். வெளியே இருட்டிவிட்டது. யாரும் எழும்பி விளக்கைப் போடவில்லை.

டெப்ரா நீதிமன்றத்திலேயே இருந்தார். செத்தவீட்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். தேர்தல் அலுவலகத்தின் வழக்கறிஞர் கேட்டார்: பைக்குள் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

“பையைப் பார்த்தேன்.”

“உள்ளே?”

“உள்ளே பார்க்கவில்லை.”

“அன்று மாலை நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா?”

அந்தச் சின்னத் திரையில் அவருடைய வாய் திறந்து மூடியது.

“சாப்பிட்டிருப்பேன்.”

“என்ன சாப்பிட்டீர்கள்?”

“அவர் கொண்டுவந்ததை.”

“அது எதிலிருந்து வந்தது?”

“அந்தப் பையிலிருந்துதான் வந்திருக்கவேண்டும்.”

அப்படியானால் ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று வழக்கறிஞர் கேட்டார். வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள், எதைக் கண்டாலும் எழுதித் தரச் சொன்னார்கள், ஊரில் எல்லாரும் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றார் டெப்ரா. “நான் பொய் எழுதவில்லை. பையைக் கண்டேன். கண்டதை எழுதினேன்,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “அது எப்போதும் நன்றாக இருக்கும்,” என்றார்.

அக்கா கை நீட்டிக் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார்.

என் கணவர் எழுந்து விளக்கைப் போட்டார். “மச்சாள், தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் தேநீர் போட்டு நான் கண்டதில்லை. பால் கூடிப்போன அந்தத் தேநீரை அக்கா முழுவதும் குடித்தார்.

வென்ற பிறகு

சில கிழமைகள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. பையில் உணவைத் தவிர வேறெதுவும் இருந்ததற்குச் சான்று இல்லை. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். துளசிக்கு அனுப்பினேன். குழந்தைபோலக் கைதட்டினேன். அக்கா போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நீதிமன்றம் இன்னும் சாகேல்லை அக்கா!”

“ஓம்,” என்றார்.

தோற்ற வேட்பாளர் அன்று மாலையே, நீதிபதி ஒருபக்கச் சார்பானவர் என்றார். வீடியோவை யாரும் நீக்கவில்லை. தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேரோ. வீடியோ மட்டும் என் கணவரின் குழுவுக்கு மறுபடியும் வந்தது, புதிய தலைப்புடன். இந்த முறை அவர் பதில் எழுதினார்: “இது என் மச்சாள். பையில் இருந்தது ரோல்ஸ்.” நண்பர்கள் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். ஒருவர், “நல்ல பகிடி அண்ணை,” என்று எழுதினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. அதிபரைப் பற்றிய அவருடைய எண்ணம் மாறியதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. “அது வேற, இது வேற,” என்றார்.

அக்கா திரும்பிப் போவதற்கு முன், அவருடைய ஊர்த் தேர்தல் அலுவலகம் அழைத்தது. அடுத்த உள்ளூர்த் தேர்தலுக்கு ஆள் போதவில்லை. பலர் விலகிவிட்டார்கள். வருவீர்களா என்று கெஞ்சாத குறை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. “அக்கா, நீங்கள் விடக் கூடாது. நீங்கள் விட்டா அவையள் நினைச்சது நடந்ததாப் போயிடும். உங்களை மாதிரி ஆக்கள் எழும்பிப் போனா, அந்தக் கதிரையில ஆர் வந்து இருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

அக்கா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“நீ சொல்லுறது முழுக்கச் சரி,” என்றார். “ஆனா அந்தக் கதிரையில போய் இருக்கப்போறது நீயில்லை, நான்.”

கருத்துகள் எனக்கு எப்போதும் குறைவில்லை. எனக்கு ஒரு பெருங்கடல் தள்ளி இருந்துகொண்டு சரியாக இருப்பது சுலபம். அக்காவுக்கு எழுபது வயது, தனி வீடு, சரிந்த தபால்பெட்டி.

“காணும், இனிப் போதும்,” என்றார். “எனக்குக் காணும்.”

மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். வசந்தம் தொடங்கும்போது தன் அமெரிக்க ஊருக்குத் திரும்பிப் போனார். மகன் வந்து தபால்பெட்டியைப் புதிதாக நாட்டிக் கொடுத்தான். தலைமயிர் வளரத் தொடங்கியது.

அதன்பிறகு ஒருநாள், நான் மிச்சம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா அழைத்தார்.

“இண்டைக்குத் தேர்தல். வாக்குப் போட்டிட்டு இப்பதான் வாறன்.”

“சனமோ?”

“பெரிசா இல்லை. டெப்ராதான் மேசையில இருந்தவ.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

“அவவோ? என்ன சொன்னவ?”

“பெயரைக் கேட்டா.”

“உங்கட பெயரையோ?”

“கேக்கத்தானே வேணும். அதுதான் முறை. சொன்னன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னா. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னன்.”

“அக்கா, உங்கட பெயரை எழுத அவவுக்குத் தெரியாதே?”

“தெரியாமல் இருக்குமே. என்ர மனுசன்ர செத்தவீட்டுப் பூவளையத்தில தன்ர கையால எழுதினவ.” அக்கா நிறுத்தினார். காருக்குள் இருந்து பேசுகிறார் என்று நினைக்கிறேன். எஞ்சின் சத்தம் கேட்டது. “தலையை நிமித்திப் பாக்கேல்லை. எனக்கும் ஏதோ சொல்லவேணும் போலதான் இருந்தது. ஆனா பின்னால ஆக்கள் நிண்டவை.”

“பேந்து?”

“பேந்து என்ன. வாக்குச்சீட்டைத் தந்தா. வாங்கிக்கொண்டு போய்ப் போட்டன்.”